தடுத்து உதவியவர்களுக்கு

அன்புடையீர்,

வணக்கம். எங்கள் வீட்டு மீன் தொட்டியின் வலப்புற ஓரத்தில், தொட்டிக்குள்ளேயே கண்ணாடித் தடுப்புகளால் நான் கட்டிய வடிகட்டி அறை நாற்பது நாள்களாக இடைவிடாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. "நான் கட்டிய" என்று எழுதும்போதே கை கூசுகிறது. கண்ணாடியை ஒட்டும் சிலிக்கோன் பசையைப் பிதுக்கியதும், அது காயும்வரை பொறுமையின்றி அங்குமிங்கும் நடந்ததும் மட்டுமே என் பங்கு. நேரில் நன்றி சொல்ல வந்தால் "இதற்கெல்லாமா" என்று பேச்சை மாற்றிவிடுவீர்கள் என்பதால் எழுதுகிறேன். எதற்காக நன்றி என்பதை விவரமாகச் சொல்லாவிட்டால் அது வெறும் உபசாரமாகிவிடும். ஆகவே வேலை நடந்த வரிசையிலேயே சொல்கிறேன். இதே வேலையில் இறங்க நினைக்கும் வேறொருவருக்கும் அது பயன்படக்கூடும்.

முதல் நன்றி, பல ஆண்டுகளாக மீன் வளர்த்து வரும் பெரியவர் ஐயாவுக்கு. தொட்டியில் துளையிட்டு, கீழே மேசைக்குள் இன்னொரு தொட்டி வைத்து, குழாய் வழியே தண்ணீரை இறக்கி ஏற்றும் திட்டத்துடன்தான் உங்களிடம் வந்தேன். நீங்கள் வரைபடத்தைப் பார்க்கவே இல்லை; "மின்சாரம் நின்றால் தண்ணீர் எங்கே போகும்?" என்று மட்டும் கேட்டீர்கள். என்னிடம் பதில் இல்லை. வடிகட்டியைத் தொட்டிக்குள்ளேயே அமைத்தால் தடுப்பு ஒன்று கசிந்தாலும் அந்தத் தண்ணீர் அடுத்த அறைக்குத்தான் போகுமே தவிர தரைக்கு வராது என்று அன்று நீங்கள் சொன்னதுதான் இந்த வேலையின் அடித்தளம். தடுப்புகளுக்கு அக்ரிலிக் தகடு வாங்கி வைத்திருந்ததையும் நீங்கள்தான் திருப்பிக் கொடுக்கச் சொன்னீர்கள். அக்ரிலிக்கை அறுப்பது எளிது; ஆனால் சிலிக்கோன் அதன்மேல் உறுதியாக ஒட்டுவதில்லை, தண்ணீரில் கிடந்தால் தகடும் மெல்ல வளையத் தொடங்கும். கண்ணாடிக்குக் கண்ணாடிதான் உறவு என்றீர்கள்.

நீங்கள் பென்சிலால் வரைந்து கொடுத்த படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. தொட்டியின் வெளி அளவு 90 × 45 × 45 செ.மீ. வலப்புறத்தில் 15 செ.மீ. அகலத்தை ஒரு நீளத் தடுப்பு பிரிக்கிறது. அந்த இடத்தை இரண்டு குறுக்குத் தடுப்புகள் மூன்று அறைகளாக்குகின்றன. நீர்ப்பரப்பின் மேலாடை, நீளத் தடுப்பின் உச்சியிலுள்ள சீப்பின் (மீனைத் தடுத்துத் தண்ணீரை மட்டும் விடும் பல்வரிசையின்) வழியே முதல் அறையில் விழுந்து, பஞ்சுகளின் ஊடே கீழிறங்குகிறது. முதல் குறுக்குத் தடுப்பின் அடியில் விடப்பட்ட 3 செ.மீ. இடைவெளி வழியே இரண்டாம் அறைக்குப் புகுந்து, நுண்ணுயிர்கள் குடியேறும் செராமிக் வளையங்களுக்கிடையே மேலேறி, இரண்டாவது குறுக்குத் தடுப்பின் மேல் வழிந்து மோட்டார் அறையில் விழுகிறது. அங்கிருந்து மோட்டார் அதை மீண்டும் மீன்களிடம் அனுப்புகிறது. மேலிருந்து எடுப்பதால், முன்பு எண்ணெய்ப் படலம்போல் நின்ற அழுக்குப் பூச்சு இப்போது நீர்ப்பரப்பில் தங்குவதே இல்லை.

மோட்டார் அறையைப் பற்றி நாம் நடத்திய வாதத்திற்காகத் தனியே நன்றி சொல்ல வேண்டும். தொட்டியிலிருந்து நீர் ஆவியாகும்போது மீன்கள் இருக்கும் பகுதியில் மட்டம் இறங்குவதே இல்லை, இறங்குவதெல்லாம் கடைசி அறையில்தான் என்பதை நீங்கள் விளக்கியபோது, அப்படியானால் அந்த அறையைப் பெரிதாக்கிவிடுகிறேன் என்றேன். "ஆக்கிவிட்டால் ஒரு நாள் கூடம் நனையும்" என்றீர்கள். இலையோ பாசியோ சீப்பை அடைத்துவிட்டால், மோட்டார் தன் அறையில் இருக்கும் தண்ணீர் முழுவதையும் மீன் பகுதிக்குள் தள்ளிவிடும். அந்த அளவு, தொட்டியின் விளிம்பு வரை மீதமிருக்கும் இடத்திற்குள் அடங்கியாக வேண்டும். அன்று உட்கார்ந்து போட்ட கணக்கு இது: மோட்டார் அறையின் தரைப்பரப்பு ஏறத்தாழ 210 சதுர செ.மீ.; அதில் மோட்டார் இழுக்கக்கூடிய உயரம் 25 செ.மீ. என்றால் வெளியேறக்கூடியது ஐந்தேகால் லிட்டர். மீன் பகுதியின் பரப்பு 3160 சதுர செ.மீ. என்பதால் அந்த ஐந்தேகால் லிட்டர் அங்கே மட்டத்தை ஒன்றரை செ.மீ.க்குச் சற்றே அதிகமாக உயர்த்தும். விளிம்புக்குக் கீழே மூன்று செ.மீ.க்கு மேல் காலியாக விட்டிருப்பதால் பயமில்லை. மறுபக்கம், ஒரு லிட்டர் ஆவியானால் மோட்டார் அறையில் கிட்டத்தட்ட 5 செ.மீ. இறங்கிவிடும். எங்கள் வீட்டில் நாளொன்றுக்கு ஏறத்தாழ அவ்வளவு ஆவியாகிறது. ஐந்து நாள் தண்ணீர் சேர்க்க மறந்தால் மோட்டார் காற்றை உறிஞ்சும். சிறியதாகவும் இருக்கக் கூடாது, பெரியதாகவும் இருக்கக் கூடாது என்ற இந்த இக்கட்டை நான் எங்கும் இவ்வளவு தெளிவாகக் கேட்டதில்லை.

கண்ணாடி வெட்டித் தந்த அண்ணனுக்கு என் நன்றியோடு ஒரு மன்னிப்பும் உரியது. தொட்டியின் வெளி அகலமான 45 செ.மீ.யை எழுதிக்கொண்டு வந்து, அதே அளவில் தடுப்பு வெட்டச் சொன்னவன் நான். நீங்கள் கத்தியைக் கையில் எடுத்துவிட்டு, "கண்ணாடி என்ன கனம்?" என்று கேட்டீர்கள். 8 மி.மீ. என்றேன். இரு புறமும் கழித்தால் உள்ளே 43.4 செ.மீ.தான், அதிலும் சிலிக்கோனுக்குப் பக்கத்திற்கு 2 மி.மீ. விட வேண்டும் என்று சொல்லி 43 செ.மீ.க்கு வெட்டினீர்கள். கண்ணாடியிலேயே சீப்புப் பற்களை வெட்டித் தரக் கேட்டதற்கும் நீங்கள் உடன்படவில்லை. பல்லின் மூலையில் அழுத்தம் சேர்ந்து, அங்கிருந்துதான் விரிசல் ஓடும் என்றீர்கள். தடுப்பின் உயரத்தை 40 செ.மீ.யோடு நிறுத்தி, மேல் விளிம்பில் செருகிக்கொள்ளும் பிளாஸ்டிக் சீப்பைப் பொருத்தச் சொன்னதும் உங்கள் யோசனையே. கழற்றிக் கழுவ முடிகிறது என்பது கூடுதல் வசதி. விளிம்புகளை எல்லாம் கேட்காமலே தீட்டிக் கொடுத்தீர்கள். வாரந்தோறும் அந்த அறைக்குள் கையை விடும்போது உங்களை நினைத்துக்கொள்கிறேன்.

கட்டட வேலைகளை மேற்பார்க்கும் என் அலுவலக நண்பருக்கு அடுத்த நன்றி. குளியலறைக்கு வாங்கி மீந்த சிலிக்கோன் குழல் வீட்டில் இருக்கிறதே என்று எடுத்தபோது, அதன் மேலுறையைப் படித்துவிட்டு நீங்கள் அதைப் பிடுங்கி வைத்துக்கொண்டீர்கள். பூஞ்சை பிடிக்காமலிருக்க அதில் கலந்திருக்கும் மருந்து மீன்களுக்கு நஞ்சு என்பதை நான் அறிந்திருக்கவில்லை. மருந்துக் கலப்பில்லாத, காயும்போது காடி வாசம் வீசுகிற சிலிக்கோனையே வாங்க வைத்தீர்கள். பழைய சிலிக்கோனின் மேல் புதியது சரியாகப் பிடிக்காது என்பதால், தடுப்புகள் சேரும் இடங்களைச் சவர அலகால் சுரண்டி ஆல்கஹாலால் துடைத்த அந்த மாலை முழுவதும் என்னுடன் குந்தியிருந்தீர்கள். ஓரங்கள் நேராக வர ஒட்டியிருந்த நாடாவை, சிலிக்கோனில் மேல்தோல் படிவதற்குள் உரித்துவிட வேண்டும் என்று நீங்கள் சொல்லியும் ஓரிடத்தில் நான் தாமதித்தேன். அந்தப் பிசிறு இன்னும் பின்மூலையில் தெரிகிறது. இரண்டாம் நாளே தண்ணீர் நிரப்பத் துடித்த என்னை ஏழாம் நாள் வரை நிறுத்தி வைத்ததும் நீங்களே. மூக்கை உள்ளே விட்டுப் பார்த்து, காடி வாசம் துளியும் இல்லை என்றான பிறகுதான் வாளியைக் கொடுத்தீர்கள்.

பக்கத்து வீட்டு அக்கா, அத்தனை நாளும் எங்கள் மீன்கள் உங்கள் இரண்டு பெரிய பிளாஸ்டிக் தொட்டிகளில்தான் வாழ்ந்தன. தொட்டி தந்தது சிறிய உதவி. பெரிய உதவி வேறு. பழைய வடிகட்டியின் பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் 'பளிச்'சென்று அலசப் போனபோது நீங்கள் குழாயை மூடினீர்கள். அந்தப் பழுப்பு நிற அழுக்கில்தான், மீன் கழிவில் உண்டாகும் நஞ்சான அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும் நுண்ணுயிர்களும், நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும் நுண்ணுயிர்களும் குடியிருக்கின்றன. குழாய்த் தண்ணீரிலுள்ள குளோரின் அவற்றைக் கொன்றுவிடும். அவை வெறும் கண்ணாடியில் தொடங்கி முழுமையாகப் பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள்கூட ஆகும். நீங்கள் சொன்னபடி அந்தப் பஞ்சை மீன்கள் இருந்த தண்ணீரிலேயே பிழிந்து, ஈரம் குன்றாமல் காற்றுக்குழாயோடு வைத்திருந்து, புதிய முதல் அறையில் போட்டேன். மூன்றாம் நாள் சோதனைத் திரவம் அம்மோனியா 0.25 என்று காட்டியது. நாள்தோறும் கால்பங்கு தண்ணீரை மாற்றி வந்ததில் இரண்டு வாரத்திற்குள் அது பூஜ்யமாகிவிட்டது. ஒரு மீன்கூடச் சாகவில்லை.

மின்பணி செய்யும் தம்பிக்கு இரண்டே வரிகள் போதும் என்று அவரே சொல்வார். கம்பிகளைப் பிளக்குக்குக் கீழே தொங்கலாக வளைத்து, வழியும் நீர் பிளக்கை எட்டாமல் கீழே சொட்டும்படி செய்தீர்கள். கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யின் வழியாகத்தான் இணைப்பு கொடுப்பேன் என்று உறுதியாக நின்றீர்கள். ஹீட்டரை மோட்டார் அறையில் மறைத்து வைக்க நினைத்த எனக்கு, மட்டம் இறங்கும் அறையில் அது வறண்டு வெடிக்கும் என்று காட்டி, மட்டம் மாறாத முதல் அறைக்கு அதை மாற்றியதும் நீங்கள்தான்.

வீட்டாரைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதல் இரவு, மோட்டார் அறையில் தண்ணீர் விழும் ஓசையில் யாரும் உறங்கவில்லை. அருவி ஓசை இனிமையானது என்று நான் வாதாடியதை என் துணைவியார் ஏற்கவில்லை. மகள்தான் இரண்டாவது குறுக்குத் தடுப்பின் உச்சியில் ஒரு பஞ்சுத் துண்டைக் குதிரைச் சேணம்போல் போட்டாள். தண்ணீர் அதன்மேல் ஊறி வழுக்கி இறங்கியதும் ஓசை அடங்கிவிட்டது. மோட்டார் அறையின் வெளிக்கண்ணாடியில் நகப்பூச்சால் சிவப்புக் கோடு போட்டவளும் அவளே. மட்டம் கோட்டுக்கு வந்தால் ஒரு செம்பு தண்ணீர்; இப்போது அது காலைக் கடமைகளில் ஒன்று.

உங்கள் யார் பேச்சையும் கேட்காமல் நான் செய்த ஒன்றையும் ஒப்புக்கொள்கிறேன். ஐயா 2 மி.மீ.க்கு மேல் சீப்பின் இடைவெளி வேண்டாம் என்றிருக்க, கைக்குக் கிடைத்த 4 மி.மீ. சீப்பையே பொருத்தினேன். மூன்றாம் வாரத்தில் முதல் அறையின் மூடியைத் திறந்தபோது பதினொரு கப்பி மீன் குஞ்சுகள் பஞ்சின்மேல் நீந்திக்கொண்டிருந்தன. பெரிய மீன்களின் வாய்க்குத் தப்பிய மகிழ்ச்சியோ என்னவோ, நன்றாகவே கொழுத்திருந்தன. சீப்பின்மேல் இப்போது மெல்லிய வலை சுற்றியிருக்கிறேன்.

அக்கா, உங்கள் பிளாஸ்டிக் தொட்டிகளைக் கழுவி வைத்திருக்கிறேன்; ஞாயிறன்று கொண்டுவந்து தருகிறேன். ஐயா புதிய தொட்டி ஒன்று அமைக்கப்போவதாகக் கேள்விப்பட்டேன். இரண்டாம் அறையில், வளையங்களின் மேல் வலைப்பை ஒன்றில் இரண்டு பிடி வளையங்களைத் தனியே போட்டு வைத்திருக்கிறேன். நுண்ணுயிர்கள் ஏறிய அந்தப் பை உங்களுக்கானது. தொட்டி தயாரானதும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். ஈரம் காயாமல் எடுத்து வருகிறேன்.

மிக்க நன்றியுடன்,
உங்கள் மீன் தொட்டிக்காரன்