அப்பா, புல்லட்டை இப்போது விற்க வேண்டாம்

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நீங்கள், அம்மா, தங்கச்சி எல்லாரும் நலமா? உங்கள் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பொங்கலுக்குப் பிறகு நான் ஒரு வரிகூட எழுதவில்லை, தப்புதான். சிங்கப்பூர் வந்ததிலிருந்து இல்லாத அளவுக்குப் பட்டறையில் வேலை அதிகமாக இருந்தது. போனில் பேசினால் உங்களுக்குப் பாதி கேட்பதில்லை, அதனால் இதையெல்லாம் எழுதியே சொல்கிறேன்.

புல்லட்டைக் கிளப்பினால் நீலப் புகை வருகிறது, போர், அதாவது பிஸ்டன் ஓடும் உருளை, தேய்ந்துபோய்விட்டது, பிஸ்டன் மாற்றணும் என்று மெக்கானிக் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். செலவு செய்வதற்குப் பதிலாக மேலத்தெரு மாமா கேட்கிற விலைக்கே கொடுத்துவிடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். கொடுக்க வேண்டாம் அப்பா.

தம்பி ஹாஸ்டலுக்குப் போனதிலிருந்து வண்டி சும்மாதானே நிற்கிறது? நம்முடையது பழைய வார்ப்பிரும்பு எஞ்சின். வாரக்கணக்கில் ஓடாமல் நின்றால், ஆயில் தன் அறையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து பிஸ்டனுக்கு அடியில் கிராங்க் தண்டு சுழலும் பக்கம் இறங்கிவிடும். அப்புறம் ஒருநாள் உதைத்துக் கிளப்பும்போது அதுதான் மேலே ஏறி எரிந்து புகைகிறது. கிராங்க் பக்கத்து டிரெயின் போல்ட்டைக் கழற்றி, தேங்கியிருப்பதை ஒரு சட்டியில் பிடிக்கச் சொல்லுங்கள். ஆயில் அளவைச் சரிபார்த்துவிட்டு, பட்டுக்கோட்டை வரை ஒருமுறை போய் வாருங்கள். புகை நின்றுவிட்டால் போருக்கு ஒன்றுமில்லை. நன்றாகச் சூடான பிறகும் விடாமல் நீலமாக வந்தால்தான் பிஸ்டன் ரிங்கையும் போரையும் பற்றி யோசிக்க வேண்டும்.

எங்கள் பட்டறைக்கு வரும் சீன அங்கிளைப் பற்றி எழுதுவேனே, நினைவிருக்கிறதா? அவருடைய பிஎம்டபிள்யூ 1150 பைக் 2003இல் வாங்கியது. இங்கே பத்து வருடத்துக்கு ஒரு தடவை சிஓஇ என்று பெரிய தொகை கட்டினால்தான் வண்டியை வைத்துக்கொள்ள முடியும். இரண்டு தடவை கட்டியிருக்கிறார். மீட்டர் 1,86,000 கிலோமீட்டர் காட்டுகிறது, இன்னும் எஞ்சினைப் பிரித்ததில்லை. மலேசியாவில் ஜொகூரில் ஏறினால் தாய்லாந்து எல்லை வரை 772 கிலோமீட்டர் நெடுஞ்சாலை, வருடம் இரண்டு தடவை போகிறார். ஒரே சீராக ஓடும் அந்தத் தூரம் எஞ்சினுக்கு ஒன்றும் செய்வதில்லை. ஜொகூருக்குப் போகும் உட்லண்ட்ஸ் பாலத்து நெரிசலில் காற்றே படாமல் நின்று கொதிப்பதுதான் அதற்குக் கெடுதல், அதனால் விடியற்காலை 4 மணிக்கே எல்லையைக் கடந்துவிடுவார்.

10,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை டேப்பட், அதாவது வால்வு இடைவெளி பார்க்க, முந்தின நாள் சாயங்காலமே வண்டியை எங்களிடம் விட்டுவிட்டுப் பஸ்ஸில் வீட்டுக்குப் போய்விடுவார். எஞ்சின் ராத்திரி முழுக்க ஆற வேண்டும். காலையில் மூடியைத் திறந்து இடைவெளி அளக்கும் மெல்லிய தகட்டை, ஃபீலர் கேஜை, நுழைப்பேன். காற்று உள்ளே வரும் வால்வுக்கு 0.15 மில்லிமீட்டர், புகை வெளியே போகும் வால்வுக்கு 0.30. தகடு லேசாகப் பிடித்துக்கொண்டு வர வேண்டும், வழுக்கவும் கூடாது, இறுகவும் கூடாது. அவர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, நான் சொல்லும் அளவை நோட்டில் எழுதிக்கொள்வார். இருபது வருடக் கணக்கு அந்த நோட்டில் இருக்கிறது.

உங்களுக்கு நோட்டு வேண்டியதில்லை. வால்வைத் தள்ளும் புஷ்ராடை இரண்டு விரலால் சுழற்றிப் பார்த்தே சொல்வீர்கள், சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது என்று. எனக்கு எட்டு வயதில் என் விரலைப் பிடித்து அதில் வைத்தீர்கள். இங்கே ஒவ்வொரு தடவை மூடியைத் திறக்கும்போதும் அந்தச் சூடு ஆறிய ஆயில் வாசனையில் நம் திண்ணை வந்துவிடுகிறது. குளத்து முனையில் புல்லட் சத்தம் கேட்டதும் அம்மா உலை வைப்பாளே, அந்தச் சத்தத்தைக் கேட்டு நான்கு வருடமாகிறது அப்பா. அதனால்தான் விற்க வேண்டாம் என்கிறேன். வாரம் ஒருநாள், எஞ்சின் நன்றாகச் சூடாகும் தூரம் ஓட்டுங்கள். வாசலிலேயே ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்தினால் ஆயிலில் ஈரம்தான் சேரும்.

சாப்பாட்டுக்குக் குறையில்லை என்று அம்மாவிடம் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தையில் மீன் வாங்கிக் குழம்பு வைக்கிறோம். இப்போது ஓவர்டைம் இல்லாததால் 6 மணிக்கே அறைக்கு வந்துவிடுகிறேன், நல்ல ஓய்வு.

தங்கச்சியைப் பார்க்க வந்தவர்கள் பதில் சொன்னார்களா? பையன் வேலை பார்க்கும் இடத்தில் சித்தப்பாவை ஒருதடவை நேரில் விசாரித்து வரச் சொல்லுங்கள். பணம் இந்த மாதம் 15ஆம் தேதிக்கு மேல்தான் வரும். சீட்டுக்காரரிடம் ஒரு வாரம் தவணை கேளுங்கள், அடுத்த மாதம் சேர்த்து அனுப்பிவிடுகிறேன். மழைக்கு முன்னால் பின்கட்டுக் கூரை ஓடுகளை மாற்றிவிட வேண்டும். அம்மா கண்ணைத் தஞ்சாவூரில் காட்டுவதை இனியும் தள்ள வேண்டாம்.

டிரெயின் போல்ட்டைத் திரும்ப மாட்டும்போது பழைய வாஷரைப் போடாமல் புதிது போடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் திண்ணையெல்லாம் ஆயில் சொட்டி அம்மா திட்டுவாள்.

அன்புடன்,
உங்கள் பெரியவன்