‘எல்.ஆர்.டி.க்கு ஐந்து நிமிட நடை’ என்று தந்த வீடு: வைப்புத்தொகையைத் திருப்பித் தரக் கோரும் புகார்

மதிப்பிற்குரிய நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். கிளானா ஜெயா எல்.ஆர்.டி. ரயில் நிலையத்துக்கு ஐந்து நிமிட நடை என்று நீங்கள் தமிழிலேயே விளம்பரம் செய்திருந்த பி-12-3ஏ வீட்டைப் பற்றி மூன்று மின்னஞ்சல்களும் கணக்கில்லாத வாட்ஸ்அப் செய்திகளும் அனுப்பிப் பயனில்லாததால் இக்கடிதத்தை எழுதுகிறேன். நிலையத்துக்குக் குறுக்குவழியான பின்வாசல் கதவு பூட்டியே கிடக்கும் கதையை நான் விளக்கத் தேவையில்லை. அதே கட்டடத்தில் வேறு வீடுகளையும் வாடகைக்கு விடும் உங்களுக்கு அது நன்றாகவே தெரியும்.

அந்தக் கதவு திறந்திருந்தால்தான் ஐந்து நிமிடம். வீடு காட்டிய அன்று உங்கள் முகவர் பால்கனியில் நின்றபடியே நிலையத்தின் கூரையைக் காட்டி, “இதோ, கூப்பிடு தூரம்” என்றார். கீழே அழைத்துப் போகவில்லை. குடிவந்த மறுநாள் போய்ப் பார்த்தால், கதவில் துருப்பிடித்த சங்கிலி, பூட்டைச் சுற்றிப் படர்ந்த கொடியில் பூ. நேற்றுப் பூட்டிய கதவில் கொடி பூக்காது. காவலர் சாவடி வழியாகச் சுற்றி, எல்.டி.பி. நெடுஞ்சாலை நடைபாலம் ஏறி இறங்கி நிலையம் சேர எனக்கு 23 நிமிடமாகிறது. அங்கிருந்து ஒன்பதாவது நிலையமான, கோலாலம்பூரின் மைய ரயில் நிலையம் கே.எல். சென்ட்ரலுக்கு ரயிலில் போகவே ஏறக்குறைய அவ்வளவு நேரம்தான்.

இதைத் தொலைபேசியில் சொன்னதற்கு அந்த முகவர், “உங்க நடை மெதுவா இருந்தா நாங்க என்ன செய்ய முடியும்?” என்று கேட்டுவிட்டு இணைப்பைத் துண்டித்தார். அவர் வயதில் எனக்கு மகன் இருக்கிறான். ரயிலை நம்பி என் காரை விற்றுவிட்டு வந்தவள் நான் என்பது அவருக்குத் தெரியும். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட அன்றே சொன்னேன்.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு வந்தால் வைப்புத்தொகைக்கான காசோலை தயாராக இருக்கும் என்றதும் உங்கள் அலுவலகம்தான். கொட்டும் மழையில் வந்து நின்றேன், ஷட்டர் மூடியிருந்தது. சனிக்கிழமைகளில் திறப்பதே இல்லை என்று பக்கத்து உணவுக்கடைக்காரர் சொன்னார். முகவர் என் செய்தியைப் படித்ததற்கு நீலக்குறி விழுந்தது, பதில் வரவில்லை. கிராப் வாடகைக் கார் செலவு, தாமதமாகப் போனதற்குப் பிடித்த சம்பளம், அடிமாட்டு விலைக்குப் போன கார் எல்லாம் சேர்த்தால் என் இழப்பு பத்தாயிரம் ரிங்கிட்டுக்குக் குறையாது.

ஆனாலும் நான் கேட்பது அதுவல்ல. அபராதமின்றி ஒப்பந்தத்தை முடித்து, இரண்டு மாத வைப்புத்தொகை 3,600 ரிங்கிட்டையும் தண்ணீர், மின்சாரத்துக்கான 900 ரிங்கிட்டையும் 14 நாள்களுக்குள் தயவுசெய்து திருப்பித் தாருங்கள். தவறினால், முகவரின் சிவப்பு அட்டையிலுள்ள ஆர்.இ.என். என்ற பதிவு எண்ணோடு, வீட்டு முகவர்களைக் கண்காணிக்கும் வாரியத்தில் புகார் செய்வேன். 5,000 ரிங்கிட் வரையிலான சிறு கோரிக்கையை மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் வழக்கறிஞர் இல்லாமலேயே தாக்கல் செய்யலாம். என் தொகை 4,500. அந்த நிலை வராது என்றே இன்னும் நம்புகிறேன்.

பணம் வந்த அன்றே சாவியையும் நுழைவு அட்டைகளையும் ஒப்படைக்கிறேன். வாங்கிக்கொள்ள அந்த முகவரை மட்டும் அனுப்ப வேண்டாம்.

இப்படிக்கு,
பி-12-3ஏ வாடகைதாரர்