மன்றச் செயலாளரின் ஆண்டறிக்கை: 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், வருகை தந்துள்ள உறுப்பினர்களுக்கும், வர இயலாமற்போன பெரும்பான்மையான உறுப்பினர்களுக்கும் பணிவான வணக்கம்.

இவ்வாண்டு நமது திரைப்பட மன்றம் 9 திரையிடல்களை நடத்தியது. சித்திரைத் திருவிழாவில் வழக்கம்போல் நீர்மோர்ப் பந்தல் அமைத்தோம். புரொஜெக்டர் பழுதானதால் சிறுவர் படவிழா நடைபெறவில்லை. செயற்குழு 6 முறை கூடியது. அவற்றுள் 2 முறை போதிய எண்ணிக்கை இல்லாமல் தேநீர் அருந்திக் கலைந்தது.

நவம்பர் 25 முதல் டிசம்பர் 10 வரையிலான 16 நாட்களில், பெண்கள் மீதான வன்முறைக்கு எதிராக நடத்திய திரையிடல்களைப் பற்றிச் சற்று விரிவாக எழுத வேண்டியுள்ளது. செயலாளர் தம் சொந்த விருப்பத்துக்கு மன்றத்தை இழுக்கிறார் என்று காலை நடைப்பயிற்சியில் சிலர் பேசிக்கொள்வதாக அறிகிறேன். ஆனால் இந்த நாட்களை நான் தேர்ந்தெடுக்கவில்லை. டொமினிக்கன் குடியரசில் சர்வாதிகாரி ட்ருஹியோவை எதிர்த்த மிராபால் சகோதரிகள் மூவரை 1960 நவம்பர் 25 அன்று அடித்துக் கொன்று, விபத்துபோல் காட்டுவதற்காக வண்டியோடு பள்ளத்தில் உருட்டிவிட்டார்கள். 1981இல் பொகோட்டாவில் கூடிய லத்தீன் அமெரிக்கப் பெண்கள் அந்த நாளைப் பெண்கள் மீதான வன்முறைக்கு எதிரான நாளாக எடுத்துக்கொண்டனர்; 1999இல் ஐ.நா. பொதுச்சபை அதனை ஏற்றது. அன்று தொடங்கி மனித உரிமை நாள் வரை 16 நாட்கள் இயக்கம் நடத்தும் வழக்கம் 1991 முதல் உலகெங்கும் உள்ளது.

முதல் நாள், செனகல் இயக்குநர் உஸ்மான் செம்பேனின் 'மூலாதே' (2004) திரையிடப்பட்டது. பெண்ணுறுப்புச் சிதைப்புச் சடங்குக்கு அஞ்சி ஓடிவரும் 4 சிறுமியருக்கு அடைக்கலம் தரும் கோல்லே என்ற பெண், தன் வீட்டு வாசலில் ஒரு வண்ணக் கயிற்றைக் குறுக்கே கட்டுகிறாள். அடைக்கலம் விலக்கப்படும்வரை அதைத் தாண்ட ஊரில் எவருக்கும் துணிவில்லை. ஆங்கில எழுத்துகளைப் படிக்க இயலாதவர்களுக்காக வசனங்களைத் தமிழில் ஒலிபெருக்கியில் வாசித்தோம். கார்த்திகை மழை தகரக் கூரையில் கொட்டியதால் பாதிக்குமேல் எவருக்கும் எதுவும் கேட்கவில்லை. எனினும், அடைக்கலத்தை விலக்கும் சொல்லை அவள் வாயிலிருந்து வரவழைக்கக் கணவன் ஊர்முன் சாட்டையால் அடிக்கும் காட்சியில், முன்வரிசையில் இருந்த பூக்கார அம்மா எழுந்து நின்று, "சொல்லாதே ஆத்தா" என்று மழையையும் மீறிக் கத்தினார். அதன்பின் வாசிப்பதை நானே நிறுத்திவிட்டேன்.

இரண்டாவது படம் பாகிஸ்தானின் ஷர்மீன் ஒபைத் சினாய் எடுத்து, 2016இல் ஆஸ்கர் பெற்ற ஆவணப்படம். விரும்பியவரை மணந்ததற்காகத் தந்தையும் சிற்றப்பனும் சுட்டுச் சாக்கில் கட்டி ஆற்றில் எறிந்தும் உயிர் பிழைத்து வந்த சபா என்ற இளம்பெண், ஊர்ப் பெரியவர்களின் நெருக்குதலால் அவர்களை மன்னிக்க நேர்ந்ததைச் சொல்வது. குடும்பத்தார் மன்னித்தாலும் ஆயுள் தண்டனை உண்டு என்று அந்நாட்டு நாடாளுமன்றம் 2016 அக்டோபரில் சட்டத்தைத் திருத்தியது. படம் ஒன்றாலேயே அது நிகழ்ந்தது என்று கூற நான் துணியமாட்டேன்; அந்நாட்டுப் பெண்கள் பல்லாண்டுகள் போராடியிருக்கிறார்கள். இப்படத்துக்கான அறிவிப்பில் 'கௌரவக் கொலை' என்று அச்சிட்டுவிட்டேன். மதுரைச் சீமையில் இருந்துகொண்டு இதில் என்ன கௌரவத்தைக் கண்டீர்கள் என்று கேட்ட கல்லூரி உறுப்பினர் ஒருவர், 200 துண்டறிக்கைகளிலும் பேனாவால் அடித்து 'ஆணவக் கொலை' என்று திருத்தினார். தவறு என்னுடையதே.

மூன்றாவதாக, தீபா தன்ராஜின் 'இன்வோக்கிங் ஜஸ்டிஸ்' (2011). ஆண்கள் மட்டுமே அமர்ந்து பெண்களின் மணவிலக்கையும் வன்கொடுமைகளையும் தீர்த்துவைத்த ஜமாஅத்துகளுக்கு எதிரே, புதுக்கோட்டையில் ஷரீபா கானம் தொடங்கிய பெண்கள் ஜமாஅத்தைப் பற்றியது. அவர்கள் பேசுவது நம் தமிழ் ஆதலால் வாசிப்பவர் தேவைப்படவில்லை. அன்று வந்திருந்த வழக்கறிஞர், 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தை விளக்கினார். சம்பள ஏடிஎம் அட்டையைக் கணவர் தம் பையில் வைத்துக்கொள்வதும் அதில் வருமா என்று ஒரு பெண் மிகத் தாழ்ந்த குரலில் கேட்டார். பொருளாதார வன்முறையும் சட்டத்தில் உண்டென்றும், காவல்நிலையப் படி ஏறாமலே பாதுகாப்பு அலுவலரிடம் மனுக் கொடுக்கலாம் என்றும், 181 என்ற எண்ணை அழைக்கலாம் என்றும் வழக்கறிஞர் கூறினார். அப்போது கதவருகே நின்றிருந்த நம் உறுப்பினர் இருவர் வெளியேறியதை நான் பார்த்தேன்.

வருகையைச் சொல்லாமல் விட முடியாது. நம் 68 உறுப்பினர்களுள் மூன்று நாட்களில் ஒருநாளேனும் வந்தவர்கள் 14 பேர். மாலை அணிந்திருந்தவர்களை நான் குறைகூறவில்லை. மாலை அணியாதவர்களின் காரணம், "குடும்பத்தோடு பார்க்கிற படமா அது?" என்பது. பழைய சிவாஜி படம் போட்ட மாதத்தில் நாற்காலி பற்றாமல் பாய் விரித்தோம் என்பதையும் பதிவு செய்கிறேன். உங்கள் துணைவியாரை அழைத்து வந்தீர்களா என்று ஒருவர் என்னைக் கேட்டார். முதல் நாள் அழைக்கவில்லை என்பது உண்மை. இரண்டாம் படத்துக்கு வசனம் வாசித்தவர் அவரே.

வரவு செலவு விவரங்கள் பொருளாளரிடம் உள்ளன. வரவைவிடச் செலவு ஓரளவு கூடுதல்; ஒலிபெருக்கி வாடகையும், மழைக்குப் பின் மண்டபத்தைக் கழுவிய கூலியும் எதிர்பாராதவை. ஆண்டுச் சந்தா 300 ரூபாயைச் செலுத்தியவர்கள் 29 பேர். செலுத்தாதவர்களின் பெயர்களை வாசிக்க வேண்டாமெனத் தலைவர் பணித்ததால் வாசிக்கவில்லை. மண்டபம் தந்தவர்களுக்கும், அச்சகத்தாருக்கும், செயற்குழுவினருக்கும் நன்றி.

வரும் நவம்பரிலும் இத்திரையிடல்களை நடத்த எண்ணம் உண்டு. செயலாளர் பொறுப்பில் நான் நீடிப்பேனா என்பது உங்கள் கையில். அலமாரிச் சாவியும் ஒலிபெருக்கிக் கம்பியும் என் வீட்டில் உள்ளன. கேட்பவரிடம் இன்றே ஒப்படைக்கிறேன். எவரும் கேட்காவிடில், கூட்டம் முடிந்ததும் பொருளாளர் ரசீதுப் புத்தகத்துடன் வாசலில் அமர்ந்திருப்பார் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்
திருநகர், மதுரை