பிளாட்டுப் பிள்ளைகள்: சரசுவுக்கு ஒரு கடிதம்

செந்தூல், கோலாலம்பூர்

அன்புள்ள சரசு,

உன் கடிதத்துக்குப் பதில் எழுத இப்போதுதான் கை ஒழிந்தது. மூட்டு வலிக்கு நீ சொன்ன எண்ணெயைத் தேய்க்கிறேன். வாசனை நன்றாக இருக்கிறது, வலிதான் போகக் காணோம்.

கோலாலம்பூரில் இத்தனை ஆஸ்பத்திரி இருந்தும் மலிவு விலை அடுக்குமாடிப் பிளாட்டுப் பிள்ளைகள் ஏன் நோஞ்சானாக இருக்கிறார்கள் என்று உன் மருமகள் கேட்டாளாமே. நோஞ்சானாகத் தெரிந்தால்கூடப் பரவாயில்லை. போன மாதம் ஒரு பிள்ளையைப் பார்த்தேன், கன்னம் உப்பி மொழுமொழுவென்று இருந்தாள். "நல்லா சாப்பிடுறா நர்ஸம்மா" என்றாள் பாட்டி. கிளினிக் புத்தகத்தைப் புரட்டினால் எடைக் கோடு ஒழுங்காக ஏறுகிறது, உயரக் கோடு மட்டும் படுத்துக் கிடக்கிறது. காலையில் பிஸ்கட்டும் மைலோவும், மத்தியானம் சோற்றில் கிச்சாப் என்கிற சோயா சாறும் நக்கெட்டும், ராத்திரி மேகி. வயிறு நிறைகிறது, அவ்வளவுதான்.

ஐ.நா.வின் குழந்தைகள் அமைப்பான யுனிசெஃப் இங்கேயும் பக்கத்துப் பெட்டாலிங் ஜெயாவிலும் 17 மலிவு விலைப் பிளாட்டுகளில் ஆய்வு செய்து 2018இல் வெளியிட்டது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 22 விழுக்காட்டினருக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை. நகரச் சராசரியைவிட இரண்டு மடங்கு. சாமான் விலையால் சத்தான சாப்பாடு சமைக்க முடியவில்லை என்று சொன்ன குடும்பங்கள் 97 விழுக்காடு! பள்ளிக்கூடத்தில் இலவசச் சாப்பாடு உண்டு, நல்ல திட்டம்தான். ஆனால் அது ஏழு வயதில் வருகிறது. உயரம் தேங்குவதோ பெரும்பாலும் இரண்டு வயதுக்குள்.

கிளினிக்கிலும் காசு தடையில்லை, குடிமக்களுக்கு ஒரு வெள்ளி, அதாவது ஒரு ரிங்கிட்தான். நேரம்தான் தடை. அந்தப் பிள்ளையின் அம்மாவுக்குத் துப்புரவு வேலை, நாள் சம்பளம். காலையில் நம்பர் எடுத்து மத்தியானம் வரை உட்கார்ந்தால் அன்றைய கூலி போச்சு. பிறப்புப் பத்திரத்தில் சிக்கல் உள்ள பிள்ளை என்றால் அழைத்துப் போகவே பயப்படுகிறார்கள்.

பழைய ரப்பர் தோட்டத்து வாழ்க்கையை நான் புகழ மாட்டேன். வயிற்றுப் பூச்சியும் சோகையும் நாம் பார்க்காததா? ஆனாலும் அம்மாக்கள் பால் வெட்டப் போனால் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆயாக் கொட்டகை இருந்தது, கூப்பிடு தூரத்தில் மருந்து கொடுக்க டிரசர் இருந்தார். தோட்டத்தை விற்று நம் சனங்களைப் பிளாட்டில் ஏற்றியவர்கள் அந்த இரண்டையும் ஏற்றவில்லை. இப்போது வீடு மாநகர் மன்றத்தின் கையில், கிளினிக் சுகாதார அமைச்சின் கையில், குழந்தைப் பராமரிப்பு சமூகநலத் துறையின் கையில். மூவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

இங்கிலாந்தில் கோவென்ட்ரி நகரம் 2013இலிருந்து சுகாதார ஏற்றத்தாழ்வை ஆராய்ந்த டாக்டர் மைக்கல் மார்மட் காட்டிய வழியில் போகிறது. வீடு, வேலை, குழந்தைப் பருவம் எல்லாமே சுகாதாரக் கணக்கில் சேர்த்தி. சேவை எல்லாருக்கும் உண்டு, தேவை கூடிய இடத்துக்குக் கூடுதலாக உண்டு. நம் ஊருக்கு என்னைக் கேட்டால், ஒவ்வொரு பிளாட்டின் கீழ்த்தளத்திலும் ஒரு குழந்தைப் பராமரிப்பு நிலையம், சாயங்காலம் வேலை முடிந்து வருகிறவர்களுக்கு ஒரு நர்ஸ். அங்கேயே பிள்ளைகளுக்குத் தினம் ஒரு முட்டை. பெரிய கட்டடம் எதுவும் வேண்டாம்.

எங்கள் குடியிருப்பாளர் சங்கம் கீழே பூட்டிக் கிடக்கும் கடை இடம் ஒன்றைக் கேட்டு மனு போடப் போகிறது. உன் தங்கை இன்னும் பினாங்கு ரைபிள் ரேஞ்ச் பிளாட்டில்தானே இருக்கிறாள்? அங்கே இப்படி ஏதும் நடக்கிறதா, நடந்தால் வாடகையையும் ஆயா சம்பளத்தையும் யார் கட்டுகிறார்கள் என்று விசாரித்து எழுது. மனுவில் சேர்க்க உதவும்.

அன்புடன்,
மல்லிகா