கச்சான் (நிலக்கடலை) விதை இப்போதைக்கு இல்லை

உரும்பிராய்

அன்பின் மச்சான்,

கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்த செய்தி அறிந்து வீட்டில் எல்லோருக்கும் சந்தோசம். இங்கு யாவரும் நலம்.

விசுவமடுவில் போடக் கச்சான் விதை கேட்டிருந்தீர். இப்போதைக்குத் தரமாட்டேன், கோபிக்க வேண்டாம்.

கிணற்றடித் துண்டில் தண்டழுகல் வந்ததை முந்தி எழுதினேன். முதலில் ஒரு கொப்பு வாடும். குனிந்து பார்த்தால் தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் வெள்ளை நூல் படர்ந்திருக்கும். பிறகு அதில் கடுகளவு உருண்டைகள் திரண்டு மண்ணிறமாகும். அந்தக் கடுகுதான் பெரிய வில்லங்கம். பயிர் போனாலும் அது மண்ணில் வருடக்கணக்காகக் கிடக்கும். ஸ்கிளரோசியம் என்ற இந்தப் பங்கசு (பூஞ்சை) மிளகாய், தக்காளி, வெங்காயம் ஒன்றையும் விடாது.

அதற்குள்ளும் ஏழு கன்று நின்றது. அந்த விதையைத்தான் எல்லோருக்கும் கொடுக்க இருந்தேன். ஆனால் தப்பினது வேறு, தாங்கினது வேறு. பங்கசு அந்த அடிக்கு வராமலே விட்டிருக்கலாம். அதனால் ஏழையும் தனித்தனி வரிசையாக அதே நோய்த் துண்டில் போட்டேன். பக்கத்தில் கட்டாயம் சாகக்கூடிய இனத்தையும் போட்டேன். அவித்த சோளத்தில் வளர்த்த பங்கசை ஒவ்வொரு அடியிலும் ஒரே அளவாக வைத்தேன். ஆராய்ச்சிக்காரர் செய்கிற முறைதான் இது. ஆறு வரிசை படுத்துவிட்டது. ஒன்று மட்டும் பெரும்பாலும் நிற்கிறது. அந்த வரிசையைப் பார்க்கவே விடியவிடியத் தோட்டத்துக்குப் போகிறேன்.

குறை என்னவென்றால், பருப்பு சின்னன். பெரிய பருப்பு இனத்தோடு கலக்க வேண்டும். கச்சான் பூ விடியற்காலையில் விரியுமுன்னமே தன் மகரந்தத்தையே வாங்கிவிடும். ஆகையால் முதல்நாள் பின்னேரம் மொட்டைப் பிரித்து மகரந்தப் பைகளைக் கிள்ளி எடுத்து, மறுநாள் காலமை மற்ற இனத்தின் மகரந்தத்தைத் தடவுகிறோம். எனக்குக் கண் பிடிக்காது, மகள்தான் செய்கிறாள். இதுவரை பதினொரு பருப்பு. முதல் தலைமுறையில் ஒன்றும் தெரியாது. இரண்டாம் தலைமுறையில்தான் குணங்கள் பிரியும். அதிலிருந்து நிலையான இனம் எடுக்க இன்னும் நாலைந்து தலைமுறை வேண்டும்.

நடக்காத காரியம் இல்லை. ஜாவாவில் பற்றீரியா வாடலைத் தாங்கும் சுவார்ஸ் 21 என்ற இனத்தை 1925இலேயே வெளியிட்டார்கள். அமெரிக்காவில் காட்டுக் கச்சானிலிருந்து வேர்முடிச்சுப் புழுவைத் தாங்கும் குணத்தை எடுத்து 1999இல் கோவான் இனம் தந்தார்கள். காட்டு இனத்துக்கு 20 நிறமூர்த்தம் (குரோமோசோம்), எங்கள் கச்சானுக்கு 40. அதை இணைக்க எவ்வளவு பாடுபட்டிருப்பார்கள்! தண்டழுகலை முற்றாக வெல்லும் இனம் மட்டும் இன்னும் இல்லை. ஓரளவு தாங்குபவைதான் உண்டு. ஆகவே நீர் மண் அணைக்கும்போது தண்டின் மேல் மண்ணை ஏற்றாதேயும். விழுந்த இலையையும் அடியில் விடாதேயும்.

எனக்கு ஒரு உதவி வேண்டும். அந்தப் பக்கத்துப் பழைய வளவுகளில் முந்தின காலத்துச் சின்னக் கச்சான் யாராவது வைத்திருந்தால், கோது உடைக்காமல் ஒரு பிடி வாங்கி அனுப்பும். மாரிக்கு முன் கிடைத்தால் இந்தப் போகத்திலேயே நோய்த் துண்டில் போட்டுப் பார்த்துவிடுவேன்.

அன்புடன்,
உமது பழைய வகுப்புத் தோழன்