அந்தப் பெஞ்சில் இருக்கும் நால்வர்

அன்புள்ள தேன்மொழிக்கு,

பர்மிங்ஹாம் பிராட் ஸ்ட்ரீட் கால்வாய்ப் பாலத்தில் நீ எடுத்த படம் வந்தது. பெஞ்சில் நாலு பேர் முகம் இருக்கிறதே, யாருப்பா இவங்க என்று கேட்டிருந்தாய். போனில் சொல்லித் தீராது, அதனால் எழுதுகிறேன்.

அவர்கள் பிளாக் சப்பாத் என்ற ராக் இசைக்குழு. கிட்டார் டோனி அயோமி, பேஸ் கீஸர் பட்லர், டிரம்ஸ் பில் வார்ட், பாட்டு ஆஸி ஆஸ்பர்ன். நால்வரும் உன் ஊரின் ஆஸ்டன் வட்டாரத்துப் பையன்கள். 1968-இல் ஒன்று சேர்ந்தார்கள். ஆஸி கசாப்புக்கூடத்தில் வேலை பார்த்தவர், கார் ஹாரன் தயாரிக்கும் தொழிற்சாலையிலும் இருந்தார், திருட்டு வழக்கில் வின்சன் கிரீன் சிறையில் சில வாரம் கிடந்தார். கீஸர் கணக்கு வேலை பழகிக்கொண்டிருந்தவர். அயோமி தகட்டுத் தொழிற்சாலையில் வெல்டர்.

அயோமிக்குப் பதினேழு வயது. முழுநேரமாக வாசிக்கப் போகிறோம் என்று வேலையை விடுகிறார். கடைசி நாள் அது. மத்தியானம் வீட்டுக்கு வந்தவர் திரும்பப் போக மாட்டேன் என்கிறார். வேலையை ஒழுங்காக முடித்துவிட்டு வா என்று அம்மா அனுப்பி வைக்கிறார். அன்றைக்கு தகடு அழுத்தும் பிரஸ் எந்திரத்தை ஓட்டும் ஆள் வரவில்லை, இவரை அதில் நிறுத்துகிறார்கள். பிரஸ் இறங்கியது, பதறிக் கையை இழுத்தார், வலது கையின் நடுவிரலும் மோதிர விரலும் நுனியை இழந்தன. இடதுகைக்காரர் என்பதால் தந்தியை அழுத்துகிற கை அதுதான்.

பவர் பிரஸ் என்றால் எனக்குத் தெரியும் தேனு. அம்பத்தூரில் எங்கள் ஷெட்டிலேயே விரல் போனவர்கள் இருந்தார்கள். கட்டுப் பிரித்ததும் ஸ்டோருக்கோ வாட்ச்மேன் வேலைக்கோ மாற்றிவிடுவார்கள். பத்து வருடம் பழகிய கைத்தொழில் அத்தோடு போயிற்று. அதனால்தான் இந்தக் கதையை என்னால் சும்மா படித்துவிட்டுப் போக முடிவதில்லை.

அயோமியைப் பார்க்க வந்த தொழிற்சாலை மேலாளர் ஒரு இசைத்தட்டைக் கொண்டுவந்து போட்டார். ஜாங்கோ ரைன்ஹார்ட் என்ற ஜிப்ஸி கிட்டார் கலைஞர். தீ விபத்தில் இடது கையின் இரண்டு விரல்கள் செயலிழந்த பிறகு, மிச்ச விரல்களால் வாசித்துப் பேரெடுத்தவர். அதைக் கேட்ட பிறகு அயோமி தானே ஒரு ஏற்பாடு செய்துகொண்டார். பாத்திரம் கழுவும் திரவம் வருகிற பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி, விரல் நுனிக்கு அளவாகத் தொப்பி போல மூடி செய்து, தேய்த்துச் சரிபண்ணி, பழைய ஜாக்கெட்டின் தோலை வெட்டி மேலே ஒட்டினார். கனமான தந்தி அந்த மூடிக்கு அடங்கவில்லை. மெல்லிய கிட்டார் தந்தி அப்போது கடையில் கிடைக்காததால் பேஞ்சோ தந்தியை எடுத்து மாட்டினார். பல சுரங்களைச் சேர்த்து அழுத்தும் முழு கார்டு பிடிப்பது சிரமம், ஆகவே இரண்டு மூன்று சுரங்களை மட்டும் பிடித்து ஆம்ப்ளிஃபயரில் உறுமவிட்டார். 1971-இல் வந்த மூன்றாவது ஆல்பமான 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி'யில் சில பாட்டுகளுக்குத் தந்தியையே மூன்று அரைச்சுரம் தளர்த்தினார். விரலுக்கும் இதம், நாதமும் கனத்தது. இன்றைக்கு உலகம் முழுக்க ஹெவி மெட்டல் என்ற கனத்த ராக் இசையை வாசிக்கும் பிள்ளைகள் தந்தியை இறக்கிக் கட்டுகிறார்களே, அதன் வேர் இங்கே இருக்கிறது.

முதல் ஆல்பத்தை லண்டனில் ஒரே நாளில் பதிவு செய்தார்கள். 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை வெளியானது. முதல் பாட்டின் தொடக்கம் இது: மழை, இடி, கோயில் மணி, அப்புறம் கிட்டார். கீழ் ஸட்ஜம், மேல் ஸட்ஜம், அங்கிருந்து இறங்கி பிரதி மத்திமம். திரும்பத் திரும்ப வரும் அந்த ரிஃப் அவ்வளவுதான். ஆங்கில இசையமைப்பாளர் ஹோல்ஸ்ட் எழுதிய 'கோள்கள்' இசையில் செவ்வாய்ப் பகுதியை கீஸர் வாசித்துப் பார்த்துக்கொண்டிருந்ததில் பிறந்தது. பழைய ஐரோப்பிய இசைக்காரர்கள் சாத்தானோடு சேர்த்துப் பேசிய இடைவெளி அது. நமக்கோ அதே ஸ-வும் ம-வும்தான் கல்யாணி. அம்மா பாடும்போது கவனித்திருக்கிறாயா, அந்த மத்திமத்தைத் தொட்டதும் பஞ்சமத்தில் வந்து நின்றுவிடுவாள். அயோமி பஞ்சமத்துக்குப் போகவே மாட்டார். மத்திமத்திலேயே நடுங்கிக்கொண்டு நிற்பார். பயம் வருவது அந்த நிற்றலில்தான். எனக்கு இது புரிந்த அன்றைக்கு அம்மாவைக் கூப்பிட்டுப் பாடச் சொல்லி, கேசட்டையும் போட்டுக் காட்டினேன்.

விமர்சகர்கள் அந்த ஆல்பத்தைக் கரித்துக் கொட்டினார்கள். ஜனங்கள் வாங்கினார்கள், பிரிட்டனில் எட்டாம் இடம் வரை போனது. அதே வருடம் இரண்டாவது ஆல்பம் 'பாரனாய்ட்'. ஆல்பத்துக்கு ஒரு பாட்டு குறைகிறது என்று கடைசியில் அவசரமாகப் போட்ட அதே பெயர்ப் பாட்டு, நாலாம் இடத்துக்கு ஏறியது. ஆனால் அந்த ஆல்பத்தில் நீ முதலில் கேட்க வேண்டியது 'வார் பிக்ஸ்'. ஏழைப் பிள்ளைகளைப் போருக்கு அனுப்பிவிட்டுத் தாங்கள் பத்திரமாக இருக்கும் தளபதிகளைப் பற்றியது. வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த நேரம்.

டீப் பர்ப்பிள், லெட் செப்பலின் இரண்டையும் நீ வீட்டில் கேட்டிருக்கிறாய். செப்பலினின் டிரம்மர் ஜான் பான்ஹம் உனக்குப் பக்கத்து ஊரான ரெட்டிச்சைச் சேர்ந்தவர். டீப் பர்ப்பிளின் 'ஸ்மோக் ஆன் தி வாட்டர்' 1971 டிசம்பரில் சுவிட்சர்லாந்தின் மான்ட்ரோ கேசினோ எரிந்ததைக் கண்ணால் பார்த்து எழுதியது. இரண்டும் பெரிய குழுக்கள், கை வித்தையில் சப்பாத்துக்கு மேலே என்றுகூடச் சொல்வேன். இருந்தாலும் ஒரு தொழிற்பேட்டையின் சத்தம் எனக்கு சப்பாத்தில் மட்டும்தான் கேட்கிறது.

போன வருடம் என்று சொல்லிவிட்டால் தேதி மறந்துவிடும், சரியாகவே எழுதுகிறேன். 2025 ஜூலை 5 அன்று ஆஸ்டனில் உள்ள வில்லா பார்க் கால்பந்து மைதானத்தில் கடைசிக் கச்சேரி. பார்க்கின்சன் நோயால் எழுந்து நிற்க முடியாத ஆஸி நாற்காலியில் உட்கார்ந்தபடி பாடினார். 2005-க்குப் பிறகு நால்வரும் ஒரே மேடையில் சேர்ந்தது அன்றைக்குத்தான். வருமானம் பர்மிங்ஹாம் குழந்தைகள் மருத்துவமனை உட்பட மூன்று அறப்பணிகளுக்குப் போனது. ஜூலை 22-இல் ஆஸி இறந்தார். இறுதி ஊர்வலம் நீ படம் எடுத்த பாலத்தில்தான் நின்றது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆஸ்டன் போய் வா. ஆஸி வளர்ந்த லாட்ஜ் ரோடு, வில்லா பார்க்குக்குக் கிட்டத்தான். அங்கே குடும்பங்கள் வாழ்கின்றன, வாசலில் நின்று படம் எடுக்காதே.

ஆல்பங்களை 1970-இலிருந்து வரிசையாகக் கேள். போன் ஸ்பீக்கர் வேண்டாம், கீஸரின் பேஸ் அதில் காணாமல் போய்விடும். பில் வார்டைத் தனியாகக் கவனி, ஜாஸ் கேட்டு வளர்ந்த கை அது. மூன்றாவது ஆல்பம் வரை வந்ததும் போன் பண்ணு, தந்தி தளர்ந்த இடம் உன் காதுக்குத் தெரிகிறதா என்று எனக்குச் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
அப்பா