சொடுக்கினால் வந்துவிடுமா படிகம்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற வார அறிவியல் பக்கத்தில், கட்டணம் கட்டி யாரும் பயன்படுத்தக்கூடிய பொது ஆய்வகங்கள் வந்துவிட்டதால் எந்த ஊரில் இருப்பவரும் கணினியில் ஒரே சொடுக்கில் புரதப் படிகம் வளர்த்துக்கொள்ளலாம் என்று ஒரு கட்டுரையில் ஒரு வரி வந்திருந்தது. ஒரு புரதத்தின் வடிவத்தை எக்ஸ்-கதிர் கொண்டு கண்டறிய, முதலில் அதைப் படிகமாக்க வேண்டும். மதுரைக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் உயிர்வேதியியல் சொல்லிக்கொடுப்பவள் நான். உங்கள் பத்திரிகையை மதிக்கிறவள் என்பதால்தான் அந்த வரி இவ்வளவு வலித்தது.

எங்கள் மாணவர்கள் படிகம் வளர்க்கும் பிளேட்டைக் கையால்தான் போடுகிறார்கள். பிளேட்டின் 24 குழிகளிலும் உப்பு போன்றவை கலந்த கரைசலை ஊற்றி, விளிம்பில் கிரீஸ் தடவி, கவர் ஸ்லிப் என்ற மெல்லிய கண்ணாடி வில்லையில் ஒரு மைக்ரோலிட்டர் புரதமும் அதே அளவு குழிக் கரைசலும் வைத்து, துளி சிதறாமல் கவிழ்த்து மூட வேண்டும். துளியில் உள்ள நீர் மெல்ல மெல்லக் குறைந்து புரதம் செறிந்தால், கொடுத்து வைத்திருந்தால், படிகம் கிடைக்கும். வெப்பநிலை மாறவே கூடாது. சித்திரை வெயிலில் கரண்ட் போய் இன்குபேட்டர் நின்றால் மறுநாள் மைக்ரோஸ்கோப்பில் தெரிவது பழுப்பு வண்டல்தான். துளி வைக்கும் ரோபோ என்றால் 100 நானோலிட்டர், அதாவது பத்தில் ஒரு பங்கு மைக்ரோலிட்டர், புரதம் போதும். கையால் வைக்கும் அதே அளவு புரதத்தில் பத்து மடங்கு நிலைமைகளைச் சோதிக்கலாம். அதை வாங்க எங்களுக்கு வசதி இல்லை. அதனால்தான் பொது ஆய்வகத்தை நம்புகிறோம்.

நம்பி அனுப்பினோம். பணத்தை ஜிஎஸ்டியோடு முன்கூட்டியே கட்டச் சொன்னார்கள். எங்கள் அக்கவுன்ட்ஸ் பிரிவோ மூன்று கொட்டேஷன் கேட்டது. ஓரிரு இடங்களில் மட்டுமே கிடைக்கும் சேவைக்கு மூன்றுக்கு எங்கே போவது? அதையும் சமாளித்து, என் மாணவி மாதக்கணக்கில் சுத்திகரித்த புரதத்தைத் தெர்மாகோல் பெட்டியில் உலர்பனிக்கட்டி போட்டு கூரியரில் அனுப்பினோம். வாங்கி வைக்க ஆளில்லாமல் சனி, ஞாயிறு முழுக்க பெட்டி அந்த ஆய்வக வளாகத்து வாசலிலேயே கிடந்திருக்கிறது. அப்புறம் ஒரு மெயில்: மாதிரி கெட்டுவிட்டது, கட்டணம் திரும்பக் கிடைக்காது. அந்தப் பெண் அழுததை நான் பார்த்தேன்.

நிதி கேட்டுப் போனால், புரதத்தின் வடிவத்தைக் கணித்துச் சொல்லும் ஆல்ஃபாஃபோல்டு என்ற செயற்கை நுண்ணறிவு மென்பொருள் வந்த பிறகு படிகம் எதற்கு என்கிறார்கள். 2024-இல் அதற்கு நோபல் கிடைத்தது உண்மைதான். ஆனால் அந்த மென்பொருள் கற்றுக்கொண்டதே, இப்படி ஆய்வகங்களில் படாத பாடு பட்டுக் கண்டறிந்து புரதத் தரவு வங்கியில் சேர்த்த வடிவங்களிலிருந்துதான். உங்களுக்குத் தெரியாததல்ல.

அதே கட்டுரை சென்னைப் பல்கலைக்கழகத்தில் புரத வடிவங்களை ஆராய்ந்த ஜி.என்.ராமச்சந்திரனைப் பற்றியும் பெருமையாகப் பேசுகிறது. அவரும் உடன் ஆராய்ந்த கோபிநாத் கர்த்தாவும் 1954-இல், தோலிலும் தசைநாரிலும் உள்ள கொலாஜன் என்ற புரதத்தின் வடிவத்தைச் சொன்னபோது, அதற்கான கங்காரு வால் தசைநார் கிடைத்தது பக்கத்திலேயே இருந்த மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து. பகிர்வு என்றால் அது பகிர்வு. கூப்பிடு தூரத்தில் ஆள் இருந்தார்கள். எங்களுக்கு யார் இருக்கிறார்கள்? படிகம் கிடைத்தாலும், அதன் வடிவத்தைக் காட்டும் சிங்க்ரோட்ரான் என்ற வலிமையான எக்ஸ்-கதிருக்கு இந்தூர் வரை போக வேண்டும். தென்மாவட்டம் என்றாலே இப்படித்தான் ஆகிவிடுகிறது. தோப்பூரில் எய்ம்ஸுக்கு 2019-இல் அடிக்கல் நாட்டினார்கள். 2022-இல் முதல் ஆண்டு மாணவர்கள் ராமநாதபுரத்தில்தான் வகுப்பைத் தொடங்க வேண்டியிருந்தது. காத்திருந்தே பழகியவர்களிடம் ஒரு சொடுக்கு போதும் என்று தயவுசெய்து எழுதாதீர்கள்.

நான் கேட்பது சின்ன உதவிதான். அந்த ஆய்வகங்களில் கட்டணம் எவ்வளவு, எத்தனை வாரம் காத்திருக்க வேண்டும், விடுமுறை நாளில் பெட்டி வந்தால் வாங்கி ஃப்ரீசரில் வைக்க ஆள் உண்டா என்று விசாரித்து ஒரு பெட்டிச் செய்தி போடுங்கள். என் மாணவி மறுபடியும் புரதம் எடுக்கத் தொடங்கிவிட்டாள். தை பிறப்பதற்குள் அனுப்பியாக வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு கல்லூரி ஆசிரியை,
திருமங்கலம், மதுரை மாவட்டம்